‘நேத்து ஏனுங்க காணோம்?’ என்று கேட்க ஓர் ஆள்

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நான் புரிந்துகொண்டது சரியா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளலாம். காங்கேயம் பக்கம் தோட்டத்து வீடு. அப்பாவுக்கு 62 வயது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து இரண்டு வருஷம் முன்பு ஓய்வு பெற்றார். அம்மா தோட்டத்தையும் மூன்று மாட்டையும் பார்த்துக்கொள்கிறார். நீங்கள் பெங்களூரில், தம்பி கனடாவில். அப்பா காலையிலிருந்து ராத்திரி வரை டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். யார் எங்கே கூப்பிட்டாலும் ‘அடுத்த வாரம் பாக்கலாம்’ என்கிறார். பெங்களூருக்குக் கூட்டிப் போனீர்கள், 11 நாளில் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு ஏற்ற பொழுதுபோக்கு என்ன, வகுப்போ ஆப்போ இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘அவர் முன்னாடி இப்படி இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று இருக்கிறது. உங்கள் நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா ஓய்வாக இருக்கிறாரா, இல்லை உள்ளுக்குள் ஒடுங்கிக்கொண்டு போகிறாரா? தூரத்தில் இருக்கிற மகள் அதற்கு என்ன செய்ய முடியும்?

நான் இயன்முறை மருத்துவர். ஈரோடு, பெருந்துறை, காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் 24 வருஷமாகப் பெரும்பாலும் வீடுகளுக்கே போய்ச் சிகிச்சை தருகிறேன். மூட்டு வலி, பக்கவாதம், விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள், இவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். ஒரு வீட்டுக்கு வாரம் மூன்று நாள் என்று இரண்டு மாதம் போனால் அந்த வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். மனநோயைக் கண்டறிவது என் வேலை இல்லை. உங்கள் அப்பாவை நான் பார்த்ததும் இல்லை. அதனால் ‘அவருக்கு இதுதான்’ என்று எங்கேயும் சொல்ல மாட்டேன். எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அவர் பார்த்த வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பயிர்க்கடன், நகைக்கடன், உரம் என்று ஊரில் பாதிப்பேர் மாதம் ஒரு தடவையாவது அவர் மேஜை முன்னால் வந்து நின்றிருப்பார்கள். ‘ஏனுங்க, இந்த சிட்டா போதுங்களா, அடங்கலும் வேணுங்களா?’ என்று தினமும் முப்பது பேர் கேட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டு வாசலில் யாராவது நின்றிருப்பார்கள். அன்றைக்கு அது அவருக்குத் தொந்தரவாகவே இருந்திருக்கலாம். ஓய்வு பெற்ற அடுத்த வாரம் அந்த முப்பது பேரும் புதுச் செயலாளரிடம் போய்விட்டார்கள். அதில் யார் மேலும் தப்பு இல்லை. ஆனால் முப்பது வருஷம் தன்னைத் தேடி ஆள் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு, தான் ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் எதுவும் நிற்காது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடுகிறது. மில்லில் வேலை பார்த்தவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். சங்கு ஊதுகிற நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்தால் போவதற்கு இடம் இருக்காது.

ஆகவே அவருக்குப் பொழுது போகவில்லை என்பதை மட்டும் வைத்து யோசிக்காதீர்கள். பொழுதை டிவி போக்கிவிடுகிறது. அவர் ஒரு நாள் வராமல் போனால், மறுநாள் ‘நேத்து ஏனுங்க காணோம்?’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கிற இடம் ஒன்று வேண்டும். நான் பார்த்தவர்களில் நன்றாக இருக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் இருந்தது. வசதி, படிப்பு, பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது எல்லாம் அதற்கு அடுத்துத்தான். இது என் அனுபவம், ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆராய்ச்சியும் இதை ஒட்டியே போகிறது. 2010-ல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள் அந்த ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். உடம்பு முடியாதவர்கள் வெளியே போக முடியாமல் தனியாகிவிடுவதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கும். அதனால் தனிமை மட்டுமே ஆயுளைக் குறைக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பது உறுதி.

அந்த இழுவையில்தான் என் தொழில் வருகிறது. ‘அப்பா வெளியே வரமாட்டேங்கிறார்’ என்று என்னிடம் சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல், அவருக்கு மனசு இருந்தது, உடம்பில் ஏதோ ஒன்று தடுத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதலில் காது. பெருந்துறை பக்கம் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர். தறிக்கூடத்தில் முப்பது நாற்பது வருஷம் இருந்தவர்களுக்குக் காது மந்தமாவது சகஜம். தினமும் பொழுதோட பேக்கரிக்குப் போய் நாலு பேரோடு டீ குடிக்கிறவர், திடீரென்று நிறுத்திவிட்டார். வீட்டில் எல்லோரும் மனக்கவலை என்று நினைத்தார்கள். முட்டிக்குப் பயிற்சி கொடுக்கப் போன என்னிடம் ஒரு நாள் சொன்னார்: ‘அவிய எல்லாஞ் சிரிச்சு முடிச்சப்பறம் நான் சிரிக்கறனுங்க. என்னத்துக்குச் சிரிச்சாங்கன்னே தெரியறதில்லீங்க.’ காதுக் கருவி வாங்கினார்கள். முதல் ஒரு மாதம் அதைப் பெட்டியிலேயே வைத்திருந்தார். எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்றார். அளவைச் சரிசெய்ய மூன்று தடவை போய் வந்தார்கள். அப்புறம் பேக்கரிக்குப் போனார்.

காது விஷயத்தில் உறுதியானதையும் உறுதி இல்லாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது கேளாமை, கண் பார்வைக் குறைவைக் கவனிக்காமல் விடுவது, மனச்சோர்வு, உடலுழைப்பு இல்லாமை, பிறரோடு பழகாமை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் காதுக் கருவி போட்டால் மறதி நோய் வராது என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2023-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், மூன்று வருஷத்தில் மொத்தமாக எல்லோருக்கும் பலன் தெரியவில்லை. ஏற்கனவே ஆபத்து அதிகம் இருந்தவர்களுக்கு மட்டும் மூளைத்திறன் குறைகிற வேகம் நன்றாகவே மட்டுப்பட்டது. கருவியை அதற்காக வாங்க வேண்டாம். நாலு பேர் பேசுவது கேட்பதற்காக வாங்குங்கள். டிவி சத்தம் முன்பைவிட அதிகமாக வைக்கிறாரா, போனில் பேசும்போது ‘அம்மாகிட்டக் குடுக்கறேன்’ என்று சீக்கிரம் கொடுத்துவிடுகிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்றால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

அடுத்தது சிறுநீர். ஆண்கள் இதை மகளிடம் ஒருபோதும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் நான் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஆண்களில் நிறையப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போக வேண்டி வரும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தாராபுரம் பக்கம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இரண்டு வருஷமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒறம்பரை எல்லாம் கோபித்துக்கொண்டார்கள். மண்டபத்தில் கழிப்பறை எங்கே இருக்குமோ, பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வேண்டி வருமோ என்பதுதான் அவர் கவலை. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், நீர் மாத்திரை சாப்பிடுகிற நேரத்தை மாற்றினார், விஷயம் முடிந்தது. தானாக மாத்திரையை நிறுத்துவதோ நேரத்தை மாற்றுவதோ கூடாது; மருத்துவரைக் கேட்டுத்தான். கண் புரை, ஆடுகிற பல்செட், முட்டி வலி, ஒரு தடவை விழுந்ததால் வந்த பயம், இவையும் இதே வகை. ஒவ்வொன்றாகப் போய் விசாரியுங்கள்.

கையில் காசு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கூட்டுறவுச் சங்கங்களில் வேலை பார்த்த பலருக்கு அரசு ஊழியர் மாதிரிப் பெரிய ஓய்வூதியம் கிடையாது. நாலு பேர் உட்காருகிற இடத்தில் தன் முறைக்கு டீக்குக் காசு கொடுக்க முடியாதவர் அந்தப் பக்கமே போக மாட்டார். அம்மாவிடம் வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வராது. மாதம் ஒரு தொகையை அவர் கணக்கிலேயே, கேட்காமல், ஒரே தேதியில் போட்டுவிடுங்கள்.

தோட்டத்து வீடு என்பதால் இன்னொன்றும் உண்டு. நம் பக்கம் வீடுகள் ஊருக்குள் நெருக்கமாக இல்லை, ஆளாளுக்குத் தன் தோட்டத்துச் சாலையில் இருக்கிறோம். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. 2024-ல் பல்லடம் பக்கமும் 2025-ல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த பெரியவர்களைக் கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு, நான் போகிற பல வீடுகளில் பொழுது சாய்ந்ததும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அப்பா ஆறு மணிக்கு எப்படி வெளியே போவார்? ‘அடுத்த வாரம் பாக்கலாம்’ என்பதற்குப் பின்னால் இதுவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். வாசல் விளக்கு, கேமரா, நாய், பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பர் எல்லாம் செய்து கொடுங்கள். அவர் வெளியே போகிற நேரத்தைக் காலைக்கு மாற்றுவது அதைவிடச் சுலபம்.

இப்போது உங்களைப் பயமுறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். மனச்சோர்வு நோய்க்கும் ஓய்வுக்குப் பின் வரும் வெறுமைக்கும் வித்தியாசம் உண்டு. எந்நேரமும் சோர்வு, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, விடியற்காலை மூன்று நாலு மணிக்கே விழிப்பு வந்து திரும்பத் தூங்க முடியாமல் இருப்பது, சாப்பாடு குறைந்து எடை இறங்குவது, ‘நான் எதுக்கும் ஆகாதவன்’ என்ற பேச்சு, இவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். வயதானவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அபூர்வம். உடம்பு வலி, வாயு, அசதி என்றுதான் சொல்வார்கள். தைராய்டு, பி12 குறைவு போன்றவையும் இதே மாதிரி காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். மனநல மாத்திரை சாப்பிட்டால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் நம் ஊரில் அதிகம். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற வழக்கமான மாத்திரைகள் அப்படி அடிமையாக்குவதில்லை, ஆனால் மருத்துவர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக்கூடாது. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. அவரை நேரில் எப்படிக் கூட்டிப் போவது என்று தெரியாவிட்டால் முதலில் நீங்களே பேசி யோசனை கேட்கலாம்.

‘இருந்து என்ன பிரயோசனம்’, ‘போய்ச் சேர்ந்தாப் போதும்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்திருந்தால் தள்ளிப்போடாமல் அன்றைக்கே பேசுங்கள். சாகணும்னு தோணுதாங்க என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தோட்டத்து வீடு என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது: பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் பூட்டி, சாவியை அம்மாவோ வேறு ஒருவரோ வைத்திருக்க வேண்டும். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை என்றே தெரிந்தாலும் இதைச் செய்துவிடுங்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும் என்பதில் சந்தேகமே இல்லை.

இனி உடம்பு. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு என்கிறது. மூச்சு கொஞ்சம் வாங்கும், ஆனால் பேச முடியும், அந்த அளவு. இதை எல்லோரும் ‘தினமும் அரை மணி நேரம் வாக்கிங்’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். அதே வழிகாட்டுதலில் தசை வலுவுக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள், சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வாரம் மூன்று நாள் என்றும் இருக்கிறது. அதை யாரும் செய்வதில்லை. நடந்துகொண்டே இருந்தவர்கள் விழுந்து எலும்பு முறிந்து என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 62 தானே என்று விட வேண்டாம். தசை குறைவது அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும், இரண்டு வருஷம் உட்கார்ந்தே இருந்தால் அது இன்னும் வேகமாகும்.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்குக் கீழே வந்தால் கால் வலு குறைவு. அம்மாவுக்கும் செய்து பாருங்கள். அதே வயதுப் பெண்களுக்கு அளவு 12. மாட்டுக்கட்டுத்தறியில் குனிந்து நிமிர்கிற அம்மாதான் நன்றாகச் செய்வார் என்று நினைக்கிறேன். குறைவாக வந்தால் பயிற்சியும் அதேதான்: நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் பத்து. திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. அதே தூணைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும், ஆறேழு வாரத்தில் வித்தியாசம் தெரியும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சாப்பாட்டில் புரதம் சேர வேண்டும். கொள்ளுப்பருப்பு, பால், முட்டை நம் வீட்டிலேயே இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். வெள்ளெனே நாலரை மணிக்கு இருட்டில் தாராபுரம் ரோட்டில் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். விடிந்த பிறகு, வெளிர் நிறச் சட்டையில், தோட்டத்துத் தடத்திலேயே நடக்கட்டும்.

நானம்மாள் பாட்டியின் யோகா வீடியோவை மட்டும் அப்பாவுக்கு அனுப்பாதீர்கள். கோவையைச் சேர்ந்த அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 99 வயது வரை வாழ்ந்தார், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சின்ன வயதிலிருந்து விடாமல் செய்தவரை, இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவருக்குக் காட்டினால், ‘நம்மளால ஆகாது’ என்றுதான் தோன்றும். நிறைய வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன்.

எங்கே போவது என்பதற்கு வருவோம். நான் முதலில் சொல்வது அவருக்குத் தெரிந்த வேலை. இன்றைக்கு நம் விவசாயிகள் ஒரு விண்ணப்பத்தை நிரப்ப எவ்வளவு அலைகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு நாலிலும் பெயர் நாலு மாதிரி இருக்கும். எது எங்கே தப்பாக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. வாரம் இரண்டு நாள், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, ஊர் நூலகத்திலோ கோயில் மண்டபத்திலோ அவர் உட்கார்ந்தால் போதும். நாளும் நேரமும் மாறக்கூடாது. ‘செவ்வாய்க்கிழமை போனா அவர் இருப்பாருங்க’ என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டால் அவரால் வீட்டில் உட்கார முடியாது. ஆனால் பழைய சங்கத்துக்குள் போய் உட்கார வேண்டாம். அங்கே இப்போது வேறொருவர் செயலாளர். இரண்டு பேருக்கும் சங்கடம்.

குலதெய்வக் கோயில் கணக்கு வழக்கும் அவருக்குப் பொருந்தும். நம் பக்கம் எந்தக் குலத்துக் கோயிலாக இருந்தாலும் திருப்பணி, கும்பாபிஷேகம், நோம்பி என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும்; கணக்கைச் சுத்தமாக எழுத ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். பங்காளிகளில் ஒருவரை விட்டு, ‘கணக்கு நீங்க பாத்தாத்தான் சரியா இருக்கும்’ என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதாகத் தெரியக்கூடாது. உதவி செய்கிறோம் என்று கூப்பிட்டால் வராதவர், உதவி வேண்டும் என்று கூப்பிட்டால் வருவார். பண விஷயமும் பங்காளி விஷயமும் என்பதால் சண்டை வராது என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மாதிரி வைத்துக்கொண்டால் நல்லது.

கூட்டமாக உடற்பயிற்சி செய்ய மனவளக்கலை மன்றங்கள் நம் பக்கம் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. வேதாத்திரி மகரிஷி ஆழியாறில் தொடங்கிய அறிவுத்திருக்கோயிலின் வழியில் நடப்பவை. எளிய பயிற்சிகள், வயதானவர்கள் அதிகம், வராவிட்டால் போன் போட்டுக் கேட்பார்கள். யோகாவால் சமநிலையும் மனநிலையும் ஓரளவு மேம்படுகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தானாகப் போய்விடும் என்று கூட வருகிறவர் யாராவது சொன்னால், மாத்திரையை நிறுத்த வேண்டாம். வள்ளி கும்மியும் இருக்கிறது. இப்போது ஊருக்கு ஊர் ஆசிரியர் வந்து பொழுதோட கோயில் திடலில் சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நாளில் அரங்கேற்றம் நடத்துகிறார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் இதைச் சொல்லிக்கொடுத்து வந்த பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது அவருக்கு 87 வயது. அப்பாவுக்கு முதலில் கூச்சமாக இருக்கலாம். அம்மா சேர்ந்தால் கொண்டுபோய் விடவும் கூட்டி வரவும் அவர் வருவார், அதுவே வெளியே வந்த மாதிரிதான்.

உறுதி இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் ஆப் கேட்டிருந்தீர்கள். மூளைக்குப் பயிற்சி என்று சொல்லி விற்கிற விளையாட்டுகளை ஆடினால் அந்த விளையாட்டில் திறமை கூடும். அன்றாட வாழ்க்கையில் மறதி குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குறுக்கெழுத்து பிடித்தால் போடட்டும், மருந்து என்று நினைத்துப் போட வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்கள் ஏற்கனவே இருக்கிற நட்பைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அவை மட்டுமே இருந்தால் நாள் முழுக்கக் குனிந்து உட்கார இன்னொரு காரணம் ஆகிவிடும். கோவையைச் சுற்றி வந்திருக்கிற முதியோர் குடியிருப்புகளைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே சந்தோஷமாக இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே, தாங்களாக முடிவெடுத்து, தம்பதியாகப் போனவர்கள். பிள்ளைகள் முடிவெடுத்துக் கொண்டுபோய் விட்டவர்கள் அப்படி இல்லை. தோட்டமும் மாடும் உயிராக இருக்கிற அம்மாவுக்கு இப்போது அது தேவையில்லை என்பது என் கருத்து.

அம்மாவைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ‘வயசாச்சு, மாட்டை வித்துட்டு நிம்மதியா இருங்க’ என்று அம்மாவிடம் சொல்லும் யோசனை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒரு வீட்டில் பிள்ளைகள் பாசத்தில்தான் செய்தார்கள், நாலு மாட்டையும் ஒரே நாளில் விற்றுவிட்டார்கள். அந்த அம்மா தினமும் காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தவர். அங்கே பத்துப் பெண்கள் கேனோடு நிற்பார்கள். யார் வீட்டில் என்ன, யார் மகளுக்கு வரன் வந்தது, யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் அங்கேதான். மாடு போனதும் அந்தப் பத்துப் பேரும் போய்விட்டார்கள். ஆறு மாதத்தில் அந்த அம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்க ஆள் வேண்டியிருந்தது, என்னைக் கூப்பிட்டார்கள். மாடு விற்றதால்தான் என்று மருத்துவரீதியாக நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் அந்தக் கட்டிலின் பக்கத்தில் நின்றபோது எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. மூன்று மாடு பாரமாக இருந்தால் ஒன்றாகக் குறைக்கலாம், புல் அறுக்க ஆள் வைக்கலாம். சொசைட்டிக்குப் போவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பாலைக் காலையில் அப்பா கொண்டுபோய் ஊற்றட்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அது அம்மாவின் இடம், அதை எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஓய்வு பெற்ற கணவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பதே அம்மாவுக்கும் புதுப் பாரம். சாப்பாட்டு நேரம், டிவி சத்தம், ஒன்றுக்கு இரண்டு தடவை டீ என்று அம்மாவுக்கு வேலை கூடியிருக்கும். அப்பாவுக்கு வேண்டுமானால் மாலை நேரப் பாலை மட்டும் கொடுக்கலாம், அதுவும் அம்மா சம்மதித்தால்.

உங்களைப் பற்றி. 11 நாளில் அவர் ஊருக்குக் கிளம்பியதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுக்குமாடியில் மொழி தெரியாத இடத்தில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவருக்கு அங்கே ஊரில் இருந்ததைவிடப் பெரிய வெறுமை. அடுத்த தடவை ஏதாவது ஒரு வேலைக்காக, ஐந்தாறு நாளைக்கு என்று தேதி சொல்லிக் கூப்பிடுங்கள். போன் பேசுவதற்கு வாரத்தில் இரண்டு நேரம் குறித்துவிடுங்கள். ‘சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா’ என்று கேட்டால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக் கடனோ, தோட்டத்துப் பத்திரமோ, உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றை அவரிடம் கேளுங்கள். போலியாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். காது மந்தமாக இருந்தால் வீடியோவில் பேசுங்கள், உதடு தெரிந்தால் பாதி புரியும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் எதுவும் பேசாமல் அவரோடு உட்கார்ந்திருங்கள், டிவியைக்கூட அணைக்க வேண்டாம். தூக்கம், சாப்பாடு, எடை பற்றி அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். இரண்டாவது நாள் காது, கண், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் ஒரே பயணமாக ஈரோட்டிலோ திருப்பூரிலோ பார்த்துவிடுங்கள். உங்களுக்கும் சேர்த்து ரத்தப் பரிசோதனை என்று சொன்னால் கூட வருவார். மூன்றாவது நாள் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் வீட்டுக்கு, முன்பே சொல்லிவைத்துவிட்டு, அப்பாவையே வண்டி ஓட்டச் சொல்லிப் போய் வாருங்கள். அந்த நாற்காலிச் சோதனையில் இரண்டு பேருக்கும் எத்தனை வந்தது, காது பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று இங்கேயே எழுதுங்கள். பயிற்சியை எந்த அளவில் தொடங்கலாம் என்று அப்போது பார்த்துச் சொல்கிறேன்.